கரண்ட் வைத்து முடிந்த பிறகு

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான் என்பதும், 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1.92 இலட்சம் பெண்களுக்கு அது புதிதாக வந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டிருப்பதும் இன்று பலரும் அறிந்த செய்திகள். அந்த நோயோடு குடித்தனம் நடத்தும் கணவன்மார் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில், வயல் வேலையும் கூலியும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளும் சேர்ந்து குடும்பங்களை ஓட்டும் நிலையில், மனைவிக்கு இந்நோய் என்று தெரிந்ததும் கணவரின் தலையில் முதலில் விழுவது அலைச்சல்தான். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போய்வர வேண்டியிருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், விட்டுப்போன நாட்கூலியை ஈடுசெய்வதில்லை. மார்பகத்தை அகற்றும் அறுவைக்குப் பின், காயத்தினுள் ஊறும் நீரை வெளியேற்ற அக்குளுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி அதன் நுனியில் சிறு புட்டியை இணைத்து அனுப்புவார்கள். அதில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து நோட்டில் எழுதிவர வேண்டும். ஒரு நாளின் அளவு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே குழாயை எடுப்பார்கள். காலையில் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு பார்க்கும் வேலை பல வீடுகளில் கணவருடையதாகிறது. நேற்றைக்கு 60, இன்றைக்கு 45 என்று எழுதும்போது அவருக்கு வரும் தெம்பு சிறிதன்று, ஏனெனில் அந்த நோயில் அவர் கையால் செய்து, பலனையும் கண்ணால் பார்க்க முடிகிற வேலை அது ஒன்றுதான்.

கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சையும், ஊரார் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து, உதிர்ந்த முடி மீண்டும் முளைக்கத் தொடங்கும்போது, உறவினர் எல்லாம் சரியாகிவிட்டதென்று வருகையை நிறுத்திக்கொள்கிறார்கள். கணவரின் பார்வையில் கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் சுரப்பைப் பற்றிக்கொண்டு வளரும் வகைக் கட்டியாயின், அச்சுரப்பு புற்றுச் செல்களில் வேலை செய்யாதபடி தடுக்கும் தமாக்சிஃபென் போன்ற மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள் விடாமல் உட்கொள்ள நேரிடுகிறது. திடீரென உடம்பு கொதிப்பதும் இரவில் வியர்த்துக் கொட்டுவதும் எரிச்சல் கூடுவதும் இம்மாத்திரையால் வரக்கூடும் என்பதை அறியாத கணவர், மனைவியின் குணமே மாறிவிட்டதாக எண்ணிக்கொள்ள இடமுண்டு.

இவற்றையெல்லாம்விட ஆழமானது படுக்கையில் விழும் இடைவெளி. தழும்பு வலிக்குமோ, தொட்டால் புண்படுவாளோ, இந்த நிலையிலும் இப்படியோர் ஆசையா என்று நினைப்பாளோ என்ற தயக்கத்தில் கணவர் பாயை மாற்றிப் போட்டுக்கொள்கிறார். மார்பை இழந்த தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று மனைவி முடிவுகட்டிக்கொள்கிறார். அக்கறையால் விலகியதை அருவருப்பால் விலகியதாக எடுத்துக்கொள்ளும் இத்தவறு, இருவரும் வாய்திறக்காதவரை திருத்தப்படுவதேயில்லை. புற்றுநோய் தொடுவதாலோ உடலுறவாலோ தொற்றாது. சிகிச்சையால் உண்டாகும் பிறப்புறுப்பு வறட்சிக்கும் வலிக்கும் வழிகள் உண்டு. தமாக்சிஃபென் எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாதென்பதால், சுரப்பு கலந்த கருத்தடை மாத்திரைக்கு மாறாக ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்தலாம். இவற்றைக் கேட்கக் கணவனும் மனைவியும் கூசுகிறார்கள், மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

கையைப் பற்றிய அச்சமும் இதைப் போன்றதே. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது உடல் திசுக்களில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, அறுவையில் எடுத்துவிடுவதால் அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும். ஆகவே குடம் தூக்காதே, துணி பிழியாதே என்று மனைவியை உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் தாமே செய்யும் கணவர்கள் உண்டு. அந்த அன்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முறையான பயிற்சியோடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கிய பெண்களுக்குக் கை வீக்கம் மோசமடையவில்லை என்று காட்டியது. வயலிலோ பீங்கான் பட்டறையிலோ கைவேலை செய்து சம்பாதித்த பெண்ணுக்கு, வேலைக்குத் திரும்பலாம் என்னும் சொல் மருந்துக்குச் சமமானது. வெட்டுக்காயமும் தீக்காயமும் படாமல் அந்தக் கையைக் காத்துக்கொண்டால் போதும், முழுவதுமாக முடக்கிவைக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் சுமக்கும் கணவரின் மனமும் தளரக்கூடியதே. டென்மார்க்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள் கடும் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. நோய் மீண்டும் தலைகாட்டிய குடும்பங்களில் அது இன்னும் அதிகம். ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்டே வளர்க்கும் நம் ஊர்களில் இச்சோர்வு பெரும்பாலும் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதால் நோயாக அடையாளம் காணப்படுவதில்லை.

சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளி கூடிக் கூடி ஆண்டுக்கு ஒருமுறையும் செக்கப்புக்குப் போக வேண்டும். ஐந்தாண்டு கடந்தால் ஆபத்தே இல்லையென்று பலர் நம்பினாலும், ஈஸ்ட்ரோஜன் சார்ந்த வகை அதற்குப் பின்னும் திரும்பக்கூடியது என்பதால் இந்தப் பயணம் நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் பழைய சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் அடங்கிய பையைச் சுமந்துவரும் கணவர், மனைவி உள்ளே சென்றதும் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறார். மனைவியின் சம்மதத்தோடு அவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தால், மாத்திரையைப் பற்றியும் கையைப் பற்றியும், வாய்த்தால் அந்தப் பாயைப் பற்றியும் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி சொல்லிவிடலாம்.