சிம்பா, சித்தப்பா ஆன கதை... கார்ட்டூன் ரீமேக் பார்க்கும்போது நமக்கு என்ன ஆகுது?

2019 ஜூலை. அம்பத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. எனக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அண்ணன் பையன். அவனுக்கு அப்போ ஆறு வயசு. மடியில் பாப்கார்ன், கால் தரையில் எட்டவில்லை. திரையில் 'தி லயன் கிங்', தமிழில்.

ஸ்கார், முஃபாசாவைப் பாறையிலிருந்து தள்ளிவிடும் காட்சி வந்தது. தியேட்டரே கப்சிப். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் சத்தமாகவே கேட்டான்.

"சித்தப்பா... அவரு சிம்பாவுக்கு சித்தப்பாதானே? அப்புறம் ஏன் இப்படிப் பண்ணாரு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சின்ன வயசில் இதே காட்சியைப் பார்த்தபோது நான் சிம்பா. இப்போ பக்கத்து சீட்டில் ஒரு சிம்பா உட்கார்ந்திருக்கான், நான் சித்தப்பா!

இடைவேளையில் அப்பா வேறொன்று சொன்னார். "படம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா சிங்கம் கோவமா இருக்கா, வருத்தமா இருக்கான்னு மூஞ்சியப் பாத்து ஒண்ணும் தெரியல. குரலை வெச்சுதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

சின்ன வயசு கார்ட்டூன் பெரிய படமாகத் திரும்பி வரும்போது 'ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்' என்று நமக்குத் தோன்றும் இல்லையா... அந்த 'ஏதோ ஒண்ணு' என்ன என்பதற்கு அப்பா சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது.

அப்போ பாஷை புரியல, முகம் புரிஞ்சது

90ஸ் கிட்ஸ் கார்ட்டூன் பார்த்த கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் வந்த மௌக்லி இந்தியில் பேசினான். 'டக் டேல்ஸ்' வாத்துகளும் இந்தியில்தான் பேசின. 1995-ல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் ஆங்கிலத்தில் பேசியது. 'எல்லாமே தமிழ்ல' என்று நாள் முழுக்க ஓடிய சுட்டி டிவி வந்தது 2007-ல்தான். அதற்குள் நம்மில் பாதிப்பேர் மீசை முளைத்துவிட்டோம்.

1994-ல் வந்த ஒரிஜினல் 'லயன் கிங்'கை நாங்கள் பார்த்தது தியேட்டரில் அல்ல, வாடகை சிடியில். ஆங்கிலம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துவந்த காலம் அது. அவருக்கும் ஆங்கிலம் வராது. ஆனால் எங்களுக்கு முழுக்கதையையும் தமிழில் சொன்னவர் அவர்தான். "பாரு, தம்பிக்காரன் பொறாமையில பாக்குறான்"... "டேய், அவனை நம்பாதடா"... இப்படியே படம் முழுக்க லைவ் கமென்ட்ரி. நாங்கள் கேட்ட முதல் தமிழ் டப்பிங் அப்பாவுடையதுதான்!

பாஷை தெரியாமல் அவரால் எப்படிக் கதை சொல்ல முடிந்தது? முகம். நிஜ சிங்கத்துக்குப் புருவம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் கையால் வரைந்த ஸ்காருக்குப் புருவம் உண்டு. அதில் ஒன்றை மட்டும் மேலே தூக்கினால் போதும், 'இவன் சரியில்லை' என்று மூன்று வயசுக் குழந்தைக்கும் புரிந்துவிடும். அப்பாவின் உடம்பை முட்டி முட்டி எழுப்பும் குட்டி சிம்பாவின் கண்கள் முகத்தில் பாதி இருக்கும். அந்தக் கண்ணில் தண்ணீர் தேங்கினால் அதற்கு சப்டைட்டில் எதற்கு?

இப்போ சிங்கம் நிஜம் மாதிரி... ஆனா முகம் 'மியூட்'

2019 படத்தின் இயக்குநர் ஜான் ஃபேவ்ரோ. அதற்கு முன்பு 2016-ல் 'தி ஜங்கிள் புக்' எடுத்தவரும் இவர்தான். அந்தப் படம் அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8-ம் தேதி, இந்தியாவில் வெளியானது. நம் மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டுக் கதை. ஆனால் ஷூட்டிங் நடந்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள், ஒரு கட்டடத்தில். மௌக்லியாக நடித்த நீல் சேத்தி மட்டும் நிஜம். மற்ற மிருகங்கள், மரங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கைவண்ணம். அந்தப் படத்தின் கிராஃபிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

'லயன் கிங்'கில் ஒரு படி மேலே போனார். இங்கே நிஜ மனிதர்களும் கிடையாது. படக்குழுவினர் கண்ணில் வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் உருவாக்கிய ஆப்பிரிக்கப் புல்வெளிக்குள் 'நடந்து' கேமரா கோணம் வைத்தார்கள். மொத்தப் படத்திலும் நிஜ கேமராவில் எடுத்தது ஒரே ஒரு ஷாட்தான். ஆரம்பத்தில் வரும் அந்தச் சூரிய உதயம். ஆக, எல்லோரும் 'லைவ் ஆக்‌ஷன்' என்று சொல்கிற இதுவும் அனிமேஷன் படம்தான். வரைந்த விதம்தான் வேறு. எம்.பி.சி. நிறுவனம் செய்த இந்தக் கிராஃபிக்ஸ் வேலையில் அதன் பெங்களூரு ஸ்டூடியோவுக்கும் பங்கு உண்டு.

அவர்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: நிஜ சிங்கம் செய்யாததை இந்தச் சிங்கமும் செய்யக் கூடாது. பிடரி மயிர் ஒவ்வொன்றும் காற்றில் அசையும். தோலுக்கு அடியில் தசை நகர்வது தெரியும். ஆனால் புருவம் தூக்காது, உதட்டைப் பிதுக்காது, கண்ணீர் விடாது. நம்ப வைக்கிற அளவுக்கு நிஜமாகச் செய்ததால், நடிக்க வைக்க முடியாமல் போனது.

படமும் 88 நிமிடத்திலிருந்து 118 நிமிடம் ஆனது. ஆனால் நாம் ரசித்த சில விஷயங்கள் சுருங்கிப்போயின. கழுதைப்புலிகள் அணிவகுக்க ஸ்கார் பாடும் அந்த மிரட்டல் பாட்டு, பாதி வசனம் மாதிரி ஆகி சட்டென்று முடிந்துவிட்டது. இரவைப் பற்றிய காதல் பாட்டுக்கு சிம்பாவும் நாலாவும் பட்டப்பகல் வெயிலில் சுற்றினார்கள். அப்போ இணையத்தில் அதை வைத்துச் செய்யாத கேலி இல்லை!

முகம் விட்ட இடத்தைக் குரல் பிடிச்சது

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, தியேட்டரில் நான் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்? காரணம், குரல்.

2019-ல் இந்தியாவில் படம் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் வந்தது. தமிழில் சிம்பாவாக சித்தார்த், நாலாவாக ஐஸ்வர்யா ராஜேஷ், ஜாஸுவாக மனோபாலா, டிமோனாக சிங்கம்புலி, பும்பாவாக ரோபோ சங்கர். திரையில் இருப்பது ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி. ஆனால் வாயைத் திறந்தால் நம் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து கலாய்க்கும் அண்ணன்! என் அண்ணன் பையன் சீட்டில் இருந்து வழுக்கி விழும் அளவுக்குச் சிரித்தான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. மனித நடிகர்களுக்கு டப்பிங் எழுதுவது தலைவலி பிடித்த வேலை. 'ப', 'ம' போன்ற எழுத்துகளுக்கு உதடு மூட வேண்டும். திரையில் உதடு திறந்திருக்கும்போது 'ம' வந்தால் உடனே பொய் தெரிந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முன்னாடியே வந்துவிடும். அதனால் வாக்கியத்தின் நீளமும் அழுத்தமும் மாறும். ஆனால் நிஜ சிங்கம் மாதிரி வாயைத் திறந்து மூடும் மிருகத்துக்கு இந்தக் கெடுபிடி குறைவு. முகத்தை 'மியூட்' பண்ணிய அதே நிஜத்தன்மை, தமிழ் வசனத்துக்கு இடம் விட்டுக்கொடுத்தது. அதனால்தான் டிமோன் - பும்பா வசனம் மொழிபெயர்த்தது மாதிரி இல்லாமல், இங்கேயே எழுதியது மாதிரி இருந்தது.

1994-ல் எங்களுக்குப் பாஷை புரியவில்லை, முகம் புரிந்தது. 2019-ல் முகம் பேசவில்லை, பாஷை புரிந்தது. அப்பா இடைவேளையில் சொன்னது இதைத்தான்.

சிம்பா டு சித்தப்பா

அன்றைக்கு ஸ்காருக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த் சாமி. இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? 1994 படத்தின் தமிழ்ப் பதிப்பில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்ததும் இதே அரவிந்த் சாமிதான்!

'ரோஜா'வில் எல்லோருக்கும் பிடித்த ஹீரோவாக இருந்தவர், 2015-ல் 'தனி ஒருவன்' வில்லனாகத் திரும்பி வந்தார். சிங்கக் காட்டிலும் அதே பயணம். 25 வருஷத்துக்கு முன்பு அண்ணன் மகன், இப்போ சித்தப்பா. நமக்கும் அதுதானே நடந்திருக்கிறது?

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு இழை உண்டு. 2019-ல் எல்லாக் குரல்களையும் மாற்றினார்கள், ஒன்றைத் தவிர. முஃபாசாவாக 1994-ல் பேசிய ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸே 2019-லும் பேசினார். முகத்தை மாற்றலாம், காட்டை மாற்றலாம், 'அப்பா'வின் குரலை மாற்ற முடியாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் 2024-ல் காலமானார்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப எடுக்குறாங்க?

காசுதான், வேறென்ன! 2019 'லயன் கிங்' உலகம் முழுக்க 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. புதுக் கதை என்றால் ரசிகரை முதலில் நம்ப வைக்க வேண்டும். பழைய கார்ட்டூன் என்றால் அந்த வேலை 20 வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதோடு, ஒரு டிக்கெட்டோடு நிற்காது. அப்பா, பிள்ளை, பேரன் என மூன்று டிக்கெட்டாகப் போகும். எங்கள் வரிசையே சாட்சி.

ஆனால் நாஸ்டால்ஜியா மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2025-ல் 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' ரீமேக் 100 கோடி டாலரைத் தாண்டியது. அதே வருஷம் வந்த 'ஸ்னோ வைட்' படுத்துவிட்டது. இரண்டுமே ஒரே டிஸ்னி, இரண்டுமே பழைய கார்ட்டூன்.

அடுத்த ரீமேக்குக்குப் போகும் முன்...

* குழந்தைகளையோ பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு போனால் தமிழ்க் காட்சிக்கே போங்கள். 'ஒரிஜினல் வாய்ஸ்தான் கெத்து' என்பது நமக்கு. பக்கத்தில் இருப்பவருக்குப் புரிவதுதான் அவருக்கு ஒரிஜினல். இப்போ இதற்கு மவுன்ட் ரோடு வரை போக வேண்டியதும் இல்லை. அம்பத்தூரில் ராக்கி, முருகன், மதுரவாயலில் ஏ.ஜி.எஸ், பூந்தமல்லி தாண்டி ஈ.வி.பி என நம் ஏரியாவிலேயே திரைகள் உண்டு. டிக்கெட் ஆப்பில் மொழியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்.
* முதல் நாள் இரவு பழைய கார்ட்டூனைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். படம் முழுக்க 'ஆறு வித்தியாசங்கள்' விளையாடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு பாருங்கள்.
* 'அந்தக் காலத்துல இது இப்படி இல்ல' என்று பக்கத்து சீட்டுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். அதற்கு இதுதான் அந்தக் காலம்!

கடைசியாகச் சொன்னதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச வருஷம் ஆனது. மனோபாலா 2023-ல் காலமானார். 2024 டிசம்பரில் 'முஃபாசா' வந்தபோது அர்ஜுன் தாஸ், அசோக் செல்வன், நாசர் என்று புதுக் குரல்கள் சேர்ந்தன. ஆனால் டிமோனும் பும்பாவும் அதே சிங்கம்புலி, ரோபோ சங்கர்தான். அவர்கள் குரல் வந்ததும் என் அண்ணன் பையன் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் இறந்த செய்தி டிவியில் ஓடியது. ஹோம்வொர்க்கில் இருந்தவன் தலையைத் தூக்கி, "சித்தப்பா... நம்ம பும்பாவா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அப்புறம் ரொம்ப நேரம் எழுதவில்லை.

எனக்கு ரீமேக்காக இருந்த படம், அவனுக்குக் குழந்தைப் பருவம். எனக்கு அப்பாவின் குரலில் இருக்கிற சிங்கக் கதை, அவனுக்கு ரோபோ சங்கரின் குரலில் இருக்கிறது. இன்னும் 20 வருஷத்தில் இதையும் யாராவது திரும்ப எடுப்பார்கள். அப்போ அவன் தியேட்டரில் உட்கார்ந்து, 'எல்லாம் சரி, ஆனா ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்' என்று சொல்வான். பக்கத்தில் ஒரு பொடிசு, சட்டையைப் பிடித்து இழுத்து ஏதாவது கேட்கும்.

உங்கள் வீட்டில் உங்களுக்கு முதல் டப்பிங் பேசியது யார்? அப்பாவா, அக்காவா, பக்கத்து வீட்டு அண்ணனா? அடுத்த ரீமேக்குக்கு அவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள் மக்களே!