முழங்கால் தேய்மானமும் ‘கரண்டு’ சிகிச்சையும்

“பத்து நாள் கரண்டு வைத்தால் வலி போய்விடுமா?” முழங்கால் தேய்மானத்தோடு எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலரும் முதலில் கேட்பது இதுதான். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு நேரான விடை சொல்வது எங்கள் கடமை.

இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, அவரவர் நிலைக்கேற்ப வகுத்த பயிற்சியை முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்றாக வைக்கிறது. டென்ஸ், அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சைகளை, பயனுக்குப் போதிய சான்று இல்லையென்று, அளிக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையும் பயிற்சியை வலியுறுத்தி, டென்ஸ் கருவியை மறுக்கிறது. சூடான ஒத்தடத்திற்கு அது தடை சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் கருவிக்கு அரைமணி நேரமும் பயிற்சிக்கு ஐந்து நிமிடமும் ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் மாறவில்லை. கருவியின் கீழ் படுத்திருப்பது இதமானது என்பதும் ஒரு காரணம்.

தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி வளர்த்துவிடாது. தொடையின் முன்தசை வலுப்பெற்றால் மூட்டு உறுதியாகத் தாங்கப்படும். வலி குறையும், நடை எளிதாகும். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமருங்கள். எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம். பலர் பயந்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மறுநாளுக்குள் தணியும் வலியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

தினமும் மருத்துவமனைக்கு வர இயலாதோர் மனம் தளர வேண்டாம். பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தரவும் வழி உண்டு. தங்கள் ஊரின் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமற்போனாலோ, பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைக் காணுங்கள்.