அதிக ஓட்டு வாங்கித் தோற்பது எப்படி?

ஈப்போ லகாட் சாலைப் பக்கம் காலையில் பசியாற உட்கார்ந்தால், தோசை வருவதற்குள் அமெரிக்கா வந்துவிடும். 2025 அக்டோபரில் டிரம்ப் ஆசியான் மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்துபோன பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிப்போனது. நம் சரக்குக்கு 19 விழுக்காடு வரி போட்ட மனுஷன் என்று ஒருவர் திட்டுவார். “சொன்னதைச் செய்றாரா இல்லையா?” என்று இன்னொருவர் மெச்சுவார். காசாவைத் தொட்டால் மேசையே இரண்டுபடும். கருத்து இல்லாதவர் யாரும் இல்லை. அங்கே ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பது மட்டும் பாதிப் பேருக்குப் பிடிபடுவதில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிவிட்டு, இப்போது ஈப்போவில் மகனோடு இருக்கும் மாமா ஒருவர் கேட்டார்: “தம்பி, 2016ல அந்த கிளிண்டன் அம்மாவுக்குத்தானே ஓட்டு அதிகம்? அப்புறம் இவரு எப்படி ஜெயிச்சாரு? கள்ள ஓட்டா?”

கள்ள ஓட்டு இல்லை மாமா, கணக்கே அப்படித்தான். அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை என்று தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர். 270 பேரைப் பிடித்தவர் அதிபர். ஒரு மாநிலத்தில் ஒற்றை ஓட்டில் முந்தினாலும் அங்குள்ள தேர்வாளர் அத்தனை பேரும் முந்தியவருக்கே. மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டில் மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். கிளிண்டன் கலிபோர்னியாவில் மட்டும் 40 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கிடைத்தது 55 தேர்வாளர். ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 55தான். டிரம்ப் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் சேர்த்து 80 ஆயிரம் ஓட்டுகூட முந்தவில்லை. ஆனால் அந்த மூன்றும் அவருக்கு 46 தேர்வாளரைக் கொடுத்துவிட்டன. நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் கிளிண்டன் ஏறத்தாழ 29 லட்சம் ஓட்டு முன்னே.

மாமாவின் முகம் இன்னும் தெளியவில்லை. பூப்பந்து உதாரணத்துக்குப் போனேன். லீ சோங் வெய் ஆட்டமெல்லாம் பார்த்திருப்பீர்கள், நம் பாகான் செராயில் பிறந்த பிள்ளை. முதல் செட் 21-19, இரண்டாவது 5-21, மூன்றாவது 21-19 என்று ஓர் ஆட்டம் முடிகிறது என்று வையுங்கள். ஜெயித்தவர் எடுத்தது 47 புள்ளி, தோற்றவர் எடுத்தது 59. யாராவது அதைத் திருட்டு என்பார்களா? செட்டைத்தான் எண்ணுவோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. பூப்பந்தில் எல்லா செட்டுக்கும் 21தான். அமெரிக்காவில் சின்ன மாநிலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை. வயோமிங்கில் ஆறு லட்சம் பேர்கூட இல்லை, ஆனாலும் மூன்று தேர்வாளர். நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு இப்போது 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்காரரின் ஓட்டு கலிபோர்னியாக்காரரின் ஓட்டைவிட நான்கு மடங்கு அளவுக்குக் கனம்.

“வெள்ளைக்காரன் புத்தி!” என்று சிரித்தார் மாமா.

அவசரப்பட வேண்டாம். 2013 பொதுத்தேர்தலில் இங்கே என்ன நடந்தது? மொத்த ஓட்டில் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தானுக்குச் சுமார் 51 விழுக்காடு, ஆளும் கூட்டணியான பாரிசானுக்கு 47. நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பாரிசானுக்கு 133, பக்காத்தானுக்கு 89. பேராக் சட்டமன்றத்திலும் அதே கதைதான். ஓட்டு பக்காத்தான் பக்கம் அதிகம், இடம் பாரிசானுக்கு 31, பக்காத்தானுக்கு 28. வயோமிங்கைப் பார்த்துச் சிரிக்கிற நாம், அதே தேர்தலில் புத்ராஜெயா தொகுதிக்குச் சுமார் 16 ஆயிரம் வாக்காளரும் காப்பார் தொகுதிக்கு ஒரு லட்சத்து 44 ஆயிரம் வாக்காளரும் இருந்ததை மறந்துவிடுகிறோம். அங்கே நான்கு மடங்கு, இங்கே ஒன்பது மடங்கு.

இது தற்செயல் அல்ல. 1957இல் எழுதிய அரசியலமைப்பில், தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்று இருந்தது. 1962இல் திருத்தினார்கள். நகரத் தொகுதியில் இருப்பவரில் பாதிப் பேர் இருந்தாலே கிராமத் தொகுதிக்குப் போதும் என்றானது. 1973இல் அந்தப் ‘பாதி’ என்ற எல்லையையும் எடுத்துவிட்டார்கள். கம்பத்து மக்களைப் போய்ச் சேர்வது சிரமம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஹுலு பேராக் பக்கம் ஆறும் காடும் தாண்டிப் போகவேண்டிய காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்தக் காட்டுக்குள்ளும் வேட்பாளருக்கு முன்னால் வாட்ஸ்அப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விதி மட்டும் அப்படியே நிற்கிறது. சிரமம் தீர்ந்த பிறகும் சலுகை தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதில் நம்மவர் பாடுதான் தனி. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டத்துத் தொழிலாளர் பணத்தையே சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இருந்தும் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. லயத்தைக் காலிசெய்தவர்கள் ஈப்போ பக்கம் புந்தோங்கிலும் மெங்லெம்புவிலும் வாடகை வீடு பார்த்தார்கள். வேலையும் வீடும் போனது எல்லாருக்கும் தெரியும். ஓட்டும் இளைத்துப்போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2013இல் கிராமப்புற லெங்கோங் தொகுதியில் 30 ஆயிரம் வாக்காளர்கூட இல்லை. நகரத் தொகுதியான ஈப்போ பாராட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டம் குறைந்த இடத்தை விட்டுக் கூட்டம் மிகுந்த இடத்துக்கு வந்தவர் கையில் அதே ஓட்டு, பாதி எடை.

இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆக நமக்குக் கிடைப்பது தராசு முள்ளை அசைக்கிற வேலைதான், மிச்சிகனும் விஸ்கான்சினும் செய்கிற வேலை. போட்டி இறுகினால்தான் அந்த வேலைக்கு மரியாதை. 1974லிருந்து சுங்கை சிப்புட்டை வைத்திருந்த சாமிவேலுவை 2008இல் டாக்டர் ஜெயக்குமார் தோற்கடித்தது 1,821 ஓட்டில். ஒரு பெரிய தோட்டமும் பக்கத்து இரண்டு தாமானும் மனம் மாறினால் போதும்.

“அது சரி, அங்க தவளை இல்லையா?” என்றார் மாமா. கட்சி தாவுகிறவரைத்தான் சொல்கிறார். பேராக்காரர் கேட்காமல் யார் கேட்பார்?

உண்டு, ஆனால் ஆட்சியைக் கவிழ்க்கிற அளவுக்கு இல்லை. 2016இல் ஏழு தேர்வாளர்கள் தங்கள் கட்சி வேட்பாளரை விட்டு வேறு யாருக்கோ போட்டார்கள். முடிவு மாறவில்லை. அப்படி மாற்றிப் போடுகிறவரை மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் நான்கு பேர் கட்சி தாவினாலும் அதிபர் நாற்காலி அசையாது. அவர் காலம் நான்கு ஆண்டு. நமக்கு அப்படியா? 2009 பிப்ரவரியில் பேராக் சட்டமன்றத்தில் மூன்றே பேர் பக்காத்தானை விட்டு விலகினார்கள், மந்திரி புசார் நிசாரின் ஆட்சி போய்ப் பாரிசானின் ஜம்ரி வந்தார். மார்ச்சில் அவைத்தலைவர் சிவகுமார் சட்டமன்றத்தைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டினார். மே 7ஆம் தேதி அவரை நாற்காலியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுபோனார்கள். ஜம்ரிதான் முறையான மந்திரி புசார் என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வர 2022 அக்டோபர் ஆனது.

அதற்கடுத்த மாதமே தேர்தல். பேராக்கில் பெரிக்காத்தான் கூட்டணிக்கு 26 இடம், பக்காத்தானுக்கு 24, பாரிசானுக்கு 9. மந்திரி புசார் ஆனது யார்? ஒன்பது பேர் உள்ள பாரிசானின் சாரானி. இரண்டாவதும் மூன்றாவதும் கைகோத்தால் முதலாவது வெளியே. சட்டப்படி குற்றமில்லை. பெரும்பான்மையின் நம்பிக்கைதான் இங்கே செட். கிளிண்டன் அம்மாவுக்காக வருத்தப்பட்டவர் இதற்கு மட்டும் வாய் திறக்காமல் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு மைக்கார்டை எடுத்துக் காட்டினார். முகவரி இன்னும் அந்தத் தோட்டம்தான். மகன் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறானாம். “மாத்துனா என் ஓட்டு எடை குறையுமா தம்பி?”

சுங்கை சிப்புட்டில் நாலு ஓட்டுக்கு இருக்கிற மதிப்பு, ஆயிரக்கணக்கில் முந்தி ஜெயிக்கிற ஈப்போ பாராட்டில் இருக்காது, ஓட்டையும் இங்கே மாற்றிக்கொண்டால் குறையத்தான் செய்யும் என்றேன். ஆனால் வீடு மாறினால் முகவரியை மாற்றவேண்டும், அது சட்டம் என்பதையும் சொன்னேன்.

“மாத்திடுறேன், மாத்திடுறேன்” என்றார். “அடுத்த தேர்தல் முடியட்டும்.”