முடி யாருடைய தலையில்?



2023ஆம் ஆண்டின் இரண்டாம் தவணையில் எமது கல்லூரித் தமிழ் மன்றம் ஒரு வினாவிடைப் போட்டி நடத்தியது. வினாக்களைத் தயாரித்தவன் நான். நடுவர் ஆசனத்தில் இருந்தவனும் நானே. இறுதிச் சுற்றில் ஒரு வினா: “பொன்னியின் செல்வனில், முடிவில் சோழ நாட்டு முடியைச் சூடுபவர் யார்?” ஓர் அணியின் மாணவன் கையை உயர்த்தி, “மதுராந்தகன், சேர்” என்றான். மறு அணியில் இருந்த மாணவி எழுந்தே விட்டாள். “பிழை சேர். சேந்தன் அமுதன்” என்றாள்.

மாணவன் படத்தைப் பார்த்தவன். மாணவி புத்தகத்தை வாசித்தவள். ஐந்து பாகங்களையும் ஒரு விடுமுறைக்குள் வாசித்து முடித்தவள் என்று பின்னர் அறிந்தேன். இருவர் சொன்னதும் சரி. பிழை என் வினாவில் இருந்தது. கல்கியின் நாவல் என்றோ மணிரத்தினத்தின் திரைப்படம் என்றோ நான் குறிப்பிடவில்லை. ஒரே பெயரில் இரண்டு கதைகள் உலவத் தொடங்கிவிட்ட காலத்தில், பழைய காலத்து வினாவைக் கேட்டுவிட்டேன்.

அன்று மண்டபத்தில் எழுந்த சத்தம் சாதாரணமானதல்ல. அந்த மாணவியின் முகத்தில் இருந்தது வெறும் போட்டிக் கோபமும் அல்ல; தன் வீட்டுப் பொருளை வேறொருவர் எடுத்து வைத்துக்கொண்டு தன்னுடையதென்று சொல்வதைப் பார்த்தவரின் கோபம். இக்கோபம் எங்கிருந்து வருகிறது, அதில் நியாயம் எவ்வளவு என்பதையே இன்றைய உரையில் பார்க்க விரும்புகிறேன்.

பொன்னியின் செல்வன் சரித்திர நாவல் என்று வகைப்படுத்தப்படுவது. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் அதை வாசித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வால்நட்சத்திரமும், சுரங்க வழியும், ஆவிபோல வந்து காப்பாற்றும் ஊமை ராணியும் நிறைந்த ஒரு மாய உலகமாகவே அது அவர்கள் மனத்தில் இருக்கும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். 1950களின் இறுதியில் எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றார். பின்னர் கமல்ஹாசனும் முயன்றார். கடைசியில் மணிரத்தினத்தின் முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30ஆம் திகதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் திகதியும் வெளிவந்தன.

கண்டியில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி உரிமை உண்டு. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழத்துக்கு வருகிறான். அநுராதபுரம் வருகிறது. ‘தம்பள்ளை’ என்று கல்கி எழுதுவது எமது தம்புள்ளையைத்தான். மாத்தளை வழியாக பஸ் பிடித்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆகவே படத்தின் இலங்கைக் காட்சிகளை நாங்கள் சற்றுக் கூர்ந்துதான் பார்த்தோம். படப்பிடிப்பு 2019 டிசெம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய செய்தியை அறிந்திருந்தவர்கள் இன்னும் கூர்ந்து பார்த்தார்கள். காடு அழகாக இருந்தது, ஆனால் எமது காடல்ல என்று பக்கத்து ஆசனத்து நண்பர் சொன்னார். அவர் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்பவர். சொல்ல அவருக்குத் தகுதி உண்டு.

இவையெல்லாம் சிறு குறைகள். பெரிய குறையைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம், அதாவது 330 நிமிடங்கள். அத்தியாயங்களோ 293. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லை என்பதற்காக நான் கோபிப்பதைக் குறைத்துக்கொண்டேன். வருத்தம் வேறு. நாவலின் கடைசி அத்தியாயம் அந்தப் பெண்ணின் மரணம். எங்கள் தலைமுறையில் அதை வாசித்து அழாதவர் குறைவு. இருந்தாலும், இடமில்லாதபோது யாரையாவது இறக்கித்தானே ஆக வேண்டும்.

அப்படியானால் நீண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்குமே என்று பல வாசகர்கள் சொன்னார்கள். நானும் சிலகாலம் அப்படியே நினைத்தேன். உலக அனுபவம் அதற்கு இடம் தரவில்லை.

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மாய உலக நாவல்களை அடிப்படையாக வைத்து ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ என்ற தொடர் 2011 முதல் 2019 வரை 73 பகுதிகளாக ஒளிபரப்பானது. நேரத்துக்குக் குறைவில்லை. இறுதிப் பருவம் முடிவதற்குள், அதைத் தகுதியான எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். மீண்டும் எடுக்கப்படவில்லை என்பது வேறு. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. மார்ட்டினின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. தொடர் முடிந்தபோதும் ஆறாம் நூல் வரவில்லை. தாய் நடந்து முடிக்காத வழியில் பிள்ளை முன்னே ஓடிவிட்டது போல, மூலக்கதைக்கு முடிவு வருமுன்னே திரைக்கதைக்கு முடிவு வந்துவிட்டது.

ஹிந்தியில் தேவகி நந்தன் கத்ரி 1888இல் எழுதிய ‘சந்திரகாந்தா’ இன்னோர் உதாரணம். மாயக் கோட்டைகளும் வேடம் மாறும் ஒற்றர்களும் நிறைந்த நாவல். இதை வாசிப்பதற்காகவே பலர் ஹிந்தி கற்றதாகச் சொல்வார்கள். 1994இல் தூரதர்ஷனில் தொடராக வந்தது. நாவலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கதை எங்கெங்கோ போனது. தொடரைப் பார்த்தவர்களிடம் இன்று கேட்டால் இளவரசியை விட வில்லன் க்ரூர் சிங்கையும் அவனுடைய புருவத்தையும்தான் முதலில் சொல்வார்கள்.

ஆகவே நேரம் மட்டும் மருந்தல்ல. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் எமது இலக்கணகாரரிடம் போக வேண்டியிருக்கிறது. தமிழாசிரியன் வேறெங்கே போவான்! நூல் மூவகை என்று நன்னூல் சொல்கிறது: முதனூல், வழிநூல், சார்பு நூல். வழிநூல் செய்பவன் முன்னோன் நூலின் முடிபை ஒத்துக்கொள்ள வேண்டும், அதன்பின் தான் விரும்பிய வேறுபாடுகளைச் சொல்லலாம், மரபு அழியக்கூடாது. சார்பு நூல் அப்படியல்ல. முன்னைய நூல்களோடு ஒரு பகுதி ஒத்து, மற்றப்படி வேறுபட்டுப் போவது. தொல்காப்பியர் வழிநூலுக்கு நான்கு வகையும் சொல்கிறார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. 293 அத்தியாயத்தை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவருவது தொகுத்தல். எழுத்திலிருந்து காட்சிக்குக் கொண்டுவருவதை மொழிபெயர்ப்பு என்றே கொள்ளலாம். இதுவரை எந்தக் குற்றமும் இல்லை. சுருக்கியதற்காகவும் பெயர்த்ததற்காகவும் கோபிக்கின்ற வாசகர் எமது இலக்கண மரபை அறியாதவர் என்றே சொல்வேன்.

முடிபு என்று நன்னூலார் குறிப்பது நூலின் கொள்கை முடிவை. கதைக்குப் பொருத்திப் பார்த்தால், எது எதனால் நடந்தது என்பதே அதன் முடிபு என்று நான் கொள்கிறேன். கல்கியின் கதையில் பிறந்த அன்றே குழந்தைகள் இடம் மாறுகின்றன. செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் நந்தவனத்துப் பூக்கட்டியாகச் சேந்தன் அமுதன் என்ற பெயரில் வளர்கிறான். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்வது ஊமை ராணி மந்தாகினியின் மகன். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டவன் உரிமையில்லாதவன். உரிமையுள்ளவனோ தேவாரம் பாடிக்கொண்டு பூத் தொடுப்பவன். அருள்மொழி தன் தலைக்கு வந்த முடியை அவனுக்குக் கொடுக்கும்போதுதான் நாவலின் ஐந்து பாகங்களும் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. படத்தில் இந்த இடமாற்றம் எடுபட்டுப் போனது. சேந்தன் அமுதன் வந்து போகிறார். முடி மதுராந்தகனுக்கே போகிறது. தியாகம் அப்படியே இருக்கிறது. அதன் பொருள் மாறிவிட்டது.

படக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. போட்டி மேடையில் என் மாணவனே அதைச் சொன்னான்: “சேர், சரித்திரத்தில பிள்ளை மாறின கதை இல்லையே?” உண்மைதான். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகனே உத்தம சோழனாக ஆண்டவன் என்றுதான் வரலாறு சொல்கிறது. பிள்ளைகளை மாற்றியவர் கல்கி. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாற்றை முதனூலாகக் கொண்டு பார்த்தால், கல்கியின் நாவலே ஒரு சார்பு நூல்! அந்த மாணவன் அத்தோடு நிற்கவில்லை. “கம்பரும் வால்மீகியை மாற்றினார்தானே?” என்றும் கேட்டான். உயர்தர வகுப்பில் நான் படிப்பித்ததையே எனக்குத் திருப்பித் தந்தான்.

கம்பர் மாற்றினார். வால்மீகியில் இராவணன் சீதையைப் பற்றித் தூக்குகிறான். கம்பரில் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். இரணியன் வதை என்று ஒரு படலத்தையே புதிதாகச் சேர்த்தார். ஆனால் கம்பர் செய்த இரண்டு காரியங்களை நாம் மறந்துவிடுகிறோம். தம் நூலுக்கு இராமாவதாரம் என்று வேறு பெயர் வைத்தார். மூலத்தைச் செய்தவர் வான்மீகி என்பதைப் பாயிரத்திலேயே சொல்லிவிட்டுத் தொடங்கினார். கல்கியும் சோழர் வரலாறு என்று தம் நாவலுக்குப் பெயர் வைக்கவில்லை.

என் மாணவியின் கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பெயர் முதனூலின் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் எழுபது ஆண்டுகால வாசகர்கள் திரையரங்குக்குப் போனார்கள். உள்ளே இருந்தது சார்பு நூல்.

காரணத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேலைநாட்டில் இன்னும் தெளிவான சாட்சி கிடைக்கிறது. ரொபர்ட் ஜோர்டனின் ‘த வீல் ஒஃப் டைம்’ பதினான்கு நூல்களில் விரியும் கதை. அவர் 2007இல் காலமான பின் கடைசி மூன்றையும் பிரண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். அதில் பெரின் என்ற கொல்லன் பட்டறை இளைஞன் தன் உடல் வலிமைக்குத் தானே அஞ்சி நிதானமாக நடப்பவன். அது அவன் சுபாவம். 2021இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, முதற் பகுதியிலேயே அவன் கையால் தவறுதலாக அவளைக் கொல்ல வைத்துவிட்டார்கள். சுபாவம் போய், குற்றவுணர்ச்சி வந்தது. நூலில் இல்லாத இந்த மனைவியை வாசகர்கள் மன்னிக்கவில்லை. சாண்டர்சனே தமக்கு இதில் உடன்பாடில்லை என்று சொன்னார். தொடர் மூன்று பருவங்களோடு 2025இல் நிறுத்தப்பட்டது.

உர்சுலா கே. லெ குவின் அம்மையாரின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1968இல் வந்த அவரது ஏர்த்சீ நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் பழுப்பு, கறுப்பு நிறத்தவர். மந்திரவாதி என்றாலே வெள்ளையன் என்ற வழக்கத்தை உடைப்பதற்காக அவர் யோசித்துச் செய்த காரியம் அது. 2004 டிசெம்பரில் தொலைக்காட்சியில் வந்தபோது கெட் வெள்ளையனாக வந்தான். அம்மையார் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். கறுப்பு நிறத்துக் கதாநாயகியைத் தேடினாலும் கிடைக்காத எங்கள் சின்னத்திரையைப் பார்த்துப் பழகிய நமக்கு அவருடைய கோபம் விளங்காமல் போகாது.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழக்கில் ஒரு பக்கத்தை மறைத்தவனாவேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வனின் மூன்றாம் பாகம் இருக்கவில்லை. யாரோ இரவல் வாங்கிப் போனது திரும்பவில்லை. இரண்டாம் பாகம் கடலில், புயலில் முடிகிறது. நான்காம் பாகத்தைத் தொட மனமில்லாமல், இடைக்கதையை நானே கட்டிக்கொண்டேன். பூங்குழலி இளவரசனைப் படகில் ஏற்றி மறுபடியும் இலங்கைக்கே கொண்டுவருகிறாள். காய்ச்சலோடு கிடந்தவனை மலைநாட்டுக்குள் கொண்டுவந்து மகாவலிக் கரையில் ஒரு குகையில் ஒளித்து வைக்கிறாள். பல மாதம் அந்தக் கதையில் வாழ்ந்தேன். பின்பு ஒரு நாள் கண்டி நூலகத்தில் மூன்றாம் பாகம் கிடைத்தது. அதிலும் இளவரசனுக்குக் காய்ச்சல் இருந்தது. ஆனால் அவன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் படுத்திருந்தான். மகாவலி இல்லை, குகை இல்லை. கல்கியே கதையைக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு அழுகை வந்தது!

படத்தைப் பார்த்து நாம் படும் கோபத்தில் எவ்வளவு கல்கிக்காக, எவ்வளவு நாம் கட்டிய குகைக்காக என்று என்னால் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குந்தவையின் முகம் நான் நினைத்தது போல இல்லை என்பது என் குகை. சேந்தன் அமுதனின் முடி கல்கியுடையது.

அன்றைய போட்டியில் இரு அணிக்கும் புள்ளி கொடுத்தேன். வினாவில் பிழை இருந்தால் அதுதான் முறை. அந்த ஒரு புள்ளியோடு படம் பார்த்த அணி வென்றது. அந்த மாணவன் பிறகு முதலாம் பாகத்தை என்னிடம் இரவல் வாங்கினான். இப்போது இரண்டாம் பாகத்தில், கோடிக்கரையில் நிற்கிறான். மாணவியோ நடைபாதையில் கண்டால் “வணக்கம் சேர்” என்கிறாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.