கணினித் தொடக்கமும் முடிவடையாத வன்தட்டுப் பரிசோதனையும்



பணிசெயல் முறைமையின் தொழில்களுள் கோப்பு முகாமைத்துவமும் ஒன்று எனக் கற்றிருப்பீர்கள். அத்தொழில் இடைநடுவில் தடைப்பட்டால் என்ன நிகழும் என்பதைக் கணினி தொடங்கும்போது நேரிலேயே காணலாம். மின்சாரம் நின்று மீண்டும் வந்தபின் கணினியை இயக்கினால், வழமையான திரைக்குப் பதிலாக வன்தட்டு பரிசோதிக்கப்படுகிறது என்ற செய்தி தோன்றுவதுண்டு. கணினி பழுதாகிவிட்டது என எண்ணிப் பலர் உடனே ஆளியை அழுத்தி நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. பரிசோதனை என்பது நோயன்று, மருத்துவமே ஆகும்.

1. கணினி தொடங்கும் ஒழுங்கு

(அ) மின்வலு கிடைத்ததும் பயோஸ் அல்லது யூ.ஈ.எப்.ஐ. எனப்படும் நிலைபொருள் இயங்கி, நினைவகம், விசைப்பலகை முதலிய வன்பொருள்களைச் சோதிக்கும்.
(ஆ) எந்தச் சேமிப்பகத்திலிருந்து தொடங்குவது எனத் தெரிவுசெய்து, அதிலுள்ள தொடக்கச் செய்நிரலை இயக்கும்.
(இ) அச்செய்நிரல் பணிசெயல் முறைமையைப் பிரதான நினைவகத்தில் ஏற்றும்.
(ஈ) பணிசெயல் முறைமை கோப்பு முறைமையின் நிலையைப் பார்க்கும். ஐயம் இருப்பின் பரிசோதனையைத் தொடங்கும்.

எனவே பரிசோதனைத் திரை தோன்றினால் முதல் மூன்று படிகளும் நிறைவேறிவிட்டன என்பது பொருள். மாறாக, தொடக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால் தடை (ஆ) படியில் உள்ளது. அப்போது பென்டிரைவ் ஏதும் செருகப்பட்டுள்ளதா, வன்தட்டின் வடம் தளர்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

2. பரிசோதனை ஏன் தேவைப்படுகிறது?

நீங்கள் ஒரு கட்டுரையைச் சேமிக்கும்போது மூன்று வேலைகள் நடைபெறுகின்றன. வன்தட்டில் வெற்றிடம் ஒதுக்கப்படுகிறது. அவ்விடத்தில் தரவு எழுதப்படுகிறது. கோப்பின் பெயரும் இருப்பிடமும் அட்டவணையில் பதியப்படுகின்றன. இவை ஒரே கணத்தில் முடிவதில்லை. இடையில் மின்சாரம் நின்றால் அட்டவணை ஒன்றைக் கூற, தட்டில் வேறொன்று இருக்கும். நூலகத்தில் பதிவேட்டில் எழுதிய நூல் இறாக்கையில் இல்லாததும், இறாக்கையிலுள்ள நூல் பதிவேட்டில் இல்லாததும் போன்ற நிலை இது.

பழைய எப்.ஏ.ரி. முறைமையில், முறையாக மூடப்படாத தட்டில் ஓர் அடையாளம் எஞ்சியிருக்கும். அதைக் கண்டே விண்டோஸ் 98 தொடக்கத்தில் ஸ்கான்டிஸ்க் என்னும் செய்நிரலை இயக்கியது. 1993 இல் விண்டோஸ் என்.ரி. உடன் வந்த என்.ரி.எப்.எஸ்., 2001 இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட ஈ.எக்ஸ்.ரி.3 ஆகியன, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைக்கின்றன. மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்துச் சில செக்கன்களில் ஒழுங்குசெய்துவிடலாம். அதற்குப் பின்னரும் முரண்பாடு காணப்பட்டாலே முழுப் பரிசோதனை தேவைப்படும். விண்டோஸில் அதனைச் செக்டிஸ்க் என்றும், லினக்ஸில் எப்.எஸ்.சி.கே. என்றும் அழைப்பர்.

3. பரிசோதனை முடியாவிடின்

தட்டில் இடப்பட்ட அடையாளம், பரிசோதனை முடிந்து பிழைகள் திருத்தப்பட்ட பின்னரே நீக்கப்படும். இடையில் நிறுத்தினால் அடையாளம் அப்படியே இருக்கும். ஆகவே அடுத்த முறையும் அதே திரை தோன்றும். மேலும், அட்டவணை திருத்தப்படும் வேளையில் மின்சாரத்தை நிறுத்தினால் முன்னிருந்ததைவிடப் பெரிய சேதம் ஏற்படலாம்.

விழுக்காடு நகரவில்லையே என்று பதறவும் வேண்டாம். பழுதடைந்த துண்டங்களைத் தேடும் முழுப் பரிசோதனையில் தட்டு முழுவதும் வாசிக்கப்படுகிறது. 500 கிகாபைற்று வன்தட்டொன்று செக்கனுக்கு 100 மெகாபைற்று வீதம் வாசிக்கப்படுமாயின்,

5,00,000 ÷ 100 = 5,000 செக்கன் = ஏறத்தாழ 83 நிமிடம்

செல்லும். பழுதான இடங்களை வன்தட்டு திரும்பத் திரும்ப வாசிக்க முயல்வதால் நேரம் இன்னும் கூடும். வன்தட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை காத்திருப்பதே நன்று.

4. அறிகுறியைக் கொண்டு காரணத்தை அறிதல்

(அ) ஒரு முறை பரிசோதனை முடிந்து, பின்னர் கணினி வழமைபோல் தொடங்குகிறது: கவலை வேண்டியதில்லை.
(ஆ) ஒவ்வொரு முறையும் பரிசோதனை தொடங்குகிறது, ஆனால் இடையில் நிறுத்தப்படுகிறது: ஒரு முறையாவது முடியவிடுக.
(இ) கணினியை முறையாக மூடியும், பரிசோதனை முழுமையாக முடிந்தும், மறுநாள் மீண்டும் தோன்றுகிறது: வன்தட்டே பழுதடைந்து வரலாம், அல்லது வடம் தளர்ந்திருக்கலாம். கணினி தொடங்கியதும் முதல் வேலையாகக் கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் பிரதிசெய்க. திருத்தும் வேலை அதன் பின்னரே. பழுதான தட்டை மணிக்கணக்கில் பரிசோதிப்பது அதன் எஞ்சிய ஆயுளையும் குறைக்கக்கூடும்.

5. மறவாதிருக்க வேண்டிய உண்மை

பரிசோதனை அட்டவணையைத் திருத்துமேயன்றி, தட்டில் எழுதப்படாத தரவை மீட்டுத்தராது. உரிமையாளர் தெரியாத துண்டுகளை விண்டோஸ் "பவுண்ட்" எனத் தொடங்கும் பெயருடைய கோப்புறையில் இட்டுவைக்கும். அதில் உங்கள் செயற்றிட்ட அறிக்கையின் ஒரு பகுதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாட்களில் கோப்பைக் காத்தவை அடிக்கடி சேமிக்கும் பழக்கமும், இரண்டாவது பிரதியும், தடையில்லா மின்வலு வழங்கியுமே. அவ்வழங்கியும் சில நிமிடங்களே தாங்கும். அந்நேரம் வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக மூடுவதற்கே உரியது, தொடர்ந்து வேலை செய்வதற்கன்று.

மாதிரி வினா

மின்தடைக்குப் பின் இயக்கப்பட்ட கணினியில் வன்தட்டுப் பரிசோதனைத் திரை தோன்றுகிறது.
(i) இதற்கான காரணத்தைக் கூறுக.
(ii) பரிசோதனையை இடையில் நிறுத்துவதால் ஏற்படும் இரு விளைவுகளைத் தருக.
(iii) தரவு இழப்பைத் தவிர்க்கும் இரு வழிகளைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்பு

(i) எழுதும் வேலை முடியுமுன் மின்வலு நின்றமையால் கோப்பு அட்டவணையும் தரவும் ஒவ்வாதிருத்தல்.
(ii) அடுத்த தொடக்கத்திலும் பரிசோதனை தோன்றுதல். திருத்தம் இடைநின்று கோப்பு முறைமை மேலும் சேதமடைதல்.
(iii) கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்தல். தடையில்லா மின்வலு வழங்கியைப் பயன்படுத்துதல்.

(ii) இல் "கணினி பழுதாகும்" என்று மட்டும் எழுதுவது போதாது. எது, ஏன் பழுதாகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.