அவள் எங்கள் ஊர்ப் பெண்!

ஆர்க்கிமிடீஸ் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குளித்துக் கொண்டிருந்தவர், உண்மை ஒன்று பளிச்சென்று புலப்பட்டதும், உடுத்திக் கொள்ளவும் மறந்து தெருவில் ஓடிய கதைதானே? அந்த மேதை பிறந்து வளர்ந்த ஊர் ஸிராகூஸா. தேசப்படத்தைப் பார்த்தால், இத்தாலி என்ற பூட்ஸ் கால் ஒரு பெரிய தீவை உதைத்துத் தள்ளுவதுபோல் தோன்றும். அந்தத் தீவுதான் சிசிலி. அதன் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது ஸிராகூஸா.

இந்த ஊர்க்காரர்கள் ஆர்க்கிமிடீஸை மறந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் தெருவில் இறங்கி, தொண்டை கட்டும்வரை வாழ்த்தொலி எழுப்புவது அவருக்காக அல்ல. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன், வாழவேண்டிய வயதில் உயிரை விட்ட ஓர் இளம் பெண்ணுக்காக. அவள் பெயர் லூசியா.

வருஷந்தோறும் டிசம்பர் 13-ஆம் தேதி அவளுடைய திருநாள். அன்று அவளுடைய வெள்ளிச் சிலையைத் தோளில் சுமந்து, அவள் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு ஊரே ஊர்வலமாகப் போகிறது. இதில் ஒரு விசித்திரம். அந்தக் கல்லறையில் லூசியா இல்லை! அவள் உடல் அங்கிருந்து போய் ஏறக்குறைய ஆயிரம் வருஷங்கள் ஆகின்றன.

பின் எதற்காக இந்தக் கோலாகலம் என்கிறீர்களா? கேளுங்கள்.

சீதனத்தைத் தானம் செய்தவள்

ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய காலம். ஸிராகூஸாவில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தவள் லூசியா. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவள். தாயார் யூட்டீக்கியாவுக்கோ வெகுநாளாக உதிரப்போக்கு வியாதி. எத்தனையோ வைத்தியம் செய்தும் குணமில்லை. தாயும் மகளும் பக்கத்து நகரமான கட்டானியாவுக்கு யாத்திரை போனார்கள். அங்கேதான் 251-ஆம் வருஷத்தில் உயிர்த்தியாகம் செய்த அகதா என்ற கன்னியின் சமாதி இருக்கிறது. பிரார்த்தனை பலித்தது, தாயார் குணமடைந்தாள் என்கிறது புராணக் கதை.

வீடு திரும்பும்போது மகள் ஒரு வரம் கேட்டாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம். சீதனமாக வைத்திருப்பதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்." பெற்ற மனம் எப்படி இருக்கும்! "என் கண்ணை மூடிய பிறகு உன் இஷ்டப்படி செய், அம்மா" என்றாள் தாய். மகள் விடவில்லை. சாகும்போது கூடவே எடுத்துப் போக முடியாததைக் கொடுப்பது தானமாகுமா, உயிரோடிருந்து அனுபவிக்கக் கூடியதைக் கொடுப்பதுதானே தானம் என்று வாதாடினாள். தாயார் இணங்கினாள். நகையும் நிலமும் ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தன.

அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளைக்கு இது பொறுக்குமா? பெண்ணும் போயிற்று, சொத்தும் போயிற்று. 'இவள் கிறிஸ்தவள்' என்று நியாயாதிபதி பாஸ்காஸியஸிடம் போய்ச் சொல்லிவிட்டான். விசாரணையில் லூசியா அசையவில்லை. விபசார விடுதிக்கு இழுத்துப் போகும்படி உத்தரவாயிற்று. எருதுகளைப் பூட்டி இழுத்தும் அவளை நின்ற இடத்திலிருந்து நகர்த்த முடியவில்லையாம். நெருப்பு மூட்டினார்கள், அது அவளைச் சுடவில்லை. கடைசியில் கழுத்தில் பாய்ந்த ஆயுதந்தான் அவள் உயிரை வாங்கிற்று. மரபுப்படி அது கி.பி. 304-ஆம் வருஷம், டிசம்பர் 13.

புராணத்தில் பக்தர்களின் கற்பனை எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியும் ஒரு பெண்தான்!

ஸிராகூஸாவில் பூமிக்கடியில் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்த பழைய இடுகாடுகள் உண்டு. 1894-ல் பாவோலோ ஓர்ஸி என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளர் அவற்றில் ஒன்றிலே ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். எவுஸ்கியா என்ற இல்லத்தரசியின் கல்லறைக் கல் அது. ஏறக்குறைய 25 வயது வாழ்ந்தாள், குற்றமற்றவள், கணவனிடம் நன்றியுள்ளவள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அவள் இறந்த நாளையும் குறிப்பிடுகிறது. எந்த நாள் தெரியுமா? லூசியா அம்மையின் திருநாள்! கல்வெட்டுக்கு வயது சுமார் 1,600. அப்போதே இந்த ஊரில் அந்தத் திருநாள் நடந்து வந்திருக்கிறது என்பதற்கு வேறென்ன ருசு வேண்டும்?

பச்சைத் தொப்பிக்காரர்கள்

இப்போது திருநாளுக்குப் போவோம், வாருங்கள்.

ஊரின் பழைய பகுதி ஒர்ட்டீஜியா என்ற குட்டித் தீவு. பாலத்தைக் கடந்து போனால் பேராலயம். அதன் சுவரைக் கூர்ந்து பாருங்கள். பிரம்மாண்டமான கல்தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து நிற்கின்றன அல்லவா? கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதீனா தேவிக்குக் கிரேக்கர்கள் கட்டிய கோயிலின் தூண்கள் அவை. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கிறிஸ்தவ ஆலயமாக்கினார்கள். அரபு ஆட்சியில் மசூதியாயிற்று. பிறகு மறுபடி ஆலயமாயிற்று. 1693-ல் பூகம்பம் வந்து ஊரைக் குலுக்கிய பின்பும் தூண்கள் நிற்கின்றன.

இங்கேதான் லூசியாவின் வெள்ளிச் சிலை இருக்கிறது. பியெத்ரோ ரிஸ்ஸோ என்ற சிற்பி 1600-ஐ ஒட்டிச் செய்தது. கழுத்தில் பாய்ந்த கத்தி. காலடியில் தீ நாக்குகள். கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு கண்கள்! லத்தீன் மொழியில் ஒளிக்குரிய சொல்லை ஒட்டி வருகிறது லூசியா என்ற பெயர். அதனால் கண் நோய் தீர்ப்பவள் அவள். அவள் கண்களைப் பற்றிய கதைகளெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. இருந்தாலும், குழந்தைக்குப் பார்வை சரியாக வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, வெள்ளியில் கண் செய்து காணிக்கை செலுத்தும் தாயிடம் போய் அதைச் சொல்லிப் பயன் என்ன?

வருஷத்தின் பெரும்பகுதி இந்தச் சிலை பூட்டிய கதவுக்குப் பின்னால்தான். டிசம்பரில் கதவு திறந்து சிலை வெளியே வரும்போது ஜனங்களின் ஆரவாரத்தில் அந்தக் கிரேக்கத் தூண்களே அதிரும். பதின்மூன்றாம் தேதி பிற்பகல் ஊர்வலம் புறப்படுகிறது. சிலையைச் சுமப்பவர்கள் தலையில் பச்சைத் தொப்பி. அவளுடைய சிறு திருப்பண்டங்கள் வைத்த பேழையைச் சுமக்கும் உரிமை பெண்களுடையது. கையில் பெரிய மெழுகுவத்தி ஏந்தியவர்கள் சிலர். நேர்த்திக்கடனாகக் குளிரில் செருப்பில்லாமல் நடந்து வருபவர்கள் சிலர். அடிக்கொரு தரம் ஒரு கோஷம் எழும்புகிறது: "ஸாரவுஸானா யே!"

சிசிலிப் பேச்சுமொழியில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? "அவள் ஸிராகூஸாக்காரி!" வாழ்க என்பதில்லை, காப்பாற்று என்பதில்லை. அவள் எங்கள் ஊர்ப் பெண். அவ்வளவுதான்.

இரவில் ஊர்வலம் போர்காத்தா என்ற பேட்டைக்கு வந்து, கல்லறைமேல் எழுந்த கோயிலை அடைகிறது. அந்தக் கோயிலுக்காக 1608-ல் ஓவிய மேதை கரவாஜியோ ஒரு பெரிய சித்திரம் தீட்டினார். மால்ட்டாத் தீவின் சிறையிலிருந்து தப்பி ஓடி வந்திருந்த சமயம் அது. படத்தில் எல்லாருக்கும் முன்னால் பெரிதாகத் தெரிவது குழி தோண்டும் இரண்டு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால், தரையில், சின்னஞ்சிறு உருவமாகக் கிடக்கிறாள் லூசியா. பார்த்தால் நெஞ்சு கனத்துப் போகும்.

கடல் கடந்து போன உடல்

அவள் எப்படித்தான் போனாள்? 1040-ஐ ஒட்டி, கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து மானியாசெஸ் என்ற தளபதி படையெடுத்து வந்து ஸிராகூஸாவைப் பிடித்தான். லூசியாவின் உடலை எடுத்துத் தன் சக்கரவர்த்தியின் தலைநகருக்கு அவன் அனுப்பிவிட்டான் என்பது மரபு. ஒர்ட்டீஜியாவின் கோடியில், கடலோரமாக, ஒரு கோட்டை நிற்கிறது. பிற்காலத்துக் கோட்டைதான். ஆனால் அதன் பெயர் இன்றைக்கும் மானியாசெஸ் கோட்டை! மகளைக் கொண்டு போனவன் பெயரை ஊர் இப்படித் தினமும் உச்சரிக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

1204-ல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியபோது உடல் வெனிஸ் நகரத்துக்குப் போயிற்று. அங்கே அவள் பெயரால் கோயில் எழும்பிற்று. பிறகு ரயில் வந்தது. ஸ்டேஷனுக்கு இடம் வேண்டுமென்று 1860-களின் தொடக்கத்தில் அந்தக் கோயிலை இடித்தார்கள். உடல் பக்கத்திலிருந்த ஸான் ஜெரேமியா கோயிலில் குடியேறிற்று. வெனிஸுக்கு ரயிலில் போகிறவர்கள் இன்றும் 'ஸாந்தா லூசியா' ஸ்டேஷனில்தான் இறங்குகிறார்கள். 1955-ல் அவள் முகத்துக்கு வெள்ளிக் கவசம் செய்து சாத்தினார் வெனிஸ் மதத் தலைவர் ரொங்காலி. பிற்பாடு போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் ஜானாக ஆனவர் இவரே. 1981 நவம்பரில் ஆயுதம் தாங்கிய திருடர்கள் அந்த உடலையே கொண்டு போய்விட்டார்கள். போலீஸார் அதை மீட்டது, சொன்னால் நம்பமாட்டீர்கள், டிசம்பரில் அவளுடைய திருநாளை ஒட்டி!

மாவாக்காத கோதுமை

ஆண்கள் சிலையைச் சுமக்கட்டும். வீட்டில் திருநாள் பெண்கள் கையில் இருக்கிறது.

1646-ஆம் வருஷம் சிசிலியில் கொடிய பஞ்சம். ஸிராகூஸாவின் ஜனங்கள் பேராலயத்தில் கூடி லூசியாவை வேண்டிக் கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு புறா உள்ளே பறந்து வந்ததாம். அதே சமயம் துறைமுகத்துக்குத் தானியக் கப்பல் வந்துவிட்டது என்ற செய்தியும் வந்ததாம். மே மாதத்தில் நடந்த இந்தச் சம்பவத்துக்காக அந்த மாதத்திலும் ஒரு விழா உண்டு. புறாக்களைப் பறக்க விடுவார்கள். பசித்த ஜனங்கள், கோதுமையை மாவாக அரைக்கும் வரையில் காத்திருப்பார்களா? அப்படியே வேகவைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த நினைவாக டிசம்பர் 13 அன்று சிசிலி வீடுகளில் 'குச்சீயா' செய்கிறார்கள். முழுக் கோதுமையை இரண்டு மூன்று நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். பிறகு சிட்டிகை உப்புடன், மணி வெடித்து மலரும்வரை நிதானமாக வேகவிட வேண்டும். வடித்து ஆறியதும், ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக் கட்டியைச் சர்க்கரையோடு குழைத்துக் கலக்கிறார்கள். மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணித் துண்டு, ஆரஞ்சுத் தோல், சாக்லெட் பொடி, லவங்கப்பட்டை. பலேர்மோ நகரில் ஒருபடி மேலே போய், அன்று ரொட்டி, பாஸ்தா இரண்டையும் தொடுவதில்லை, அரிசி உருண்டைதான். மாவு என்ற பேச்சே கூடாது!

பண்டம் இனிப்பு. ஆனால் அதை ஊட்டும் பாட்டி, பேரனுக்குச் சொல்லும் கதை பசியின் கதை. பஞ்சம் போய் முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகியும், அதை ஒரு கிண்ணத்தில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பிறந்த வீட்டுக்கு வந்தாள்

லூசியா உயிர்நீத்து 1,700 வருஷங்கள் நிறைந்தது 2004-ல். அந்த டிசம்பரில் வெனிஸ் மனமிரங்கிற்று. ஒரு வாரத்துக்கு அவளுடைய உடலை ஸிராகூஸாவுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒன்பதரை நூற்றாண்டுக்குப் பிறகு மகள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள்! ஊர் எப்படித் திரண்டிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? வாரம் முடிந்ததும் மறுபடி வடக்கே பயணம். 2014-லும் 2024-லும் அதேபோல் வந்தாள், போனாள். 'இங்கேயே விட்டுவிடுங்கள்' என்ற குரல் ஸிராகூஸாவில் எழாமல் இல்லை. வெனிஸோ, 'எட்டு நூற்றாண்டாக எங்களிடம் இருப்பவள் ஆயிற்றே' என்கிறது.

சகோதரிகளே, இந்த வழக்கில் நீங்கள் எந்தக் கட்சி? போன இடத்திலும் அவளைப் போற்றித்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால், பெண் எங்கே இருந்தாலும் அவள் பெயரைச் சொல்லி விளக்கேற்றும் வீடு பிறந்த வீடுதான் அல்லவா? 2005 டிசம்பரிலும், 2015 டிசம்பரிலும், பச்சைத் தொப்பிக்காரர்கள் வழக்கம்போல் வெள்ளிச் சிலையைத் தோளில் ஏற்றி, காலியான கல்லறைக்கே நடந்தார்கள். சிலை எட்டு நாள் அந்தக் கோயிலில் தங்கும். இருபதாம் தேதி திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்காகவும் அது நிற்கும். பிறகு பாலத்தைக் கடந்து, பேராலயத்துக்குள் போய், கதவு சாத்தப்படும்.

அதுவரையில் அந்த ஒரே கோஷந்தான் தெருவெல்லாம் கேட்டுக் கொண்டிருக்கும்: அவள் ஸிராகூஸாக்காரி!