எதிரணி – 9: குதிரை சொன்ன தீர்ப்பு

யார் எந்தக் கட்சி பேசுவது என்பதைக் காசு சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ‘நம்பாத ஒன்றைப் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பொய் பேசப் பழக்குவது ஆகாதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு முன் நான் சொதப்பிய ஒரு வகுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். ‘நாட்டுக்கு ஏற்றது மக்களாட்சியா, ஒருவர் ஆட்சியா?’ என்று தலைப்புக் கொடுத்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் மேடைக் கூச்சம் இல்லை. ‘நடுவர் அவர்களே’ என்று இழுத்து ஆரம்பிப்பதில் தொடங்கி, கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்துவது வரை எல்லாம் அத்துப்படி. ஒருவன் சிங்கப்பூரின் லீ குவான் யூ என்றான். எதிரில் இருந்தவள் ஹிட்லர் என்றாள். காமராசரை இரண்டு அணியும் தங்கள் ஆள் என்றன. பிறகு உள்ளூர்ப் பெயர்கள் வந்தன. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உறைத்தது. ஒரு மணி நேரத்தில் ஆட்சிமுறையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் ஆளைப் பற்றி. பதினாறு வயதில் எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு படம் ஓடுகிறது: ‘ஒரே ஒரு நல்ல ஆள் வந்தா போதும் சார், எல்லாம் சரியாகிடும்.’ அவர்களைக் குறை சொல்வானேன், டீக்கடையில் நாமும் அதைத்தானே சொல்கிறோம்.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ஒரே விதி எழுதினேன்: ஆட்சியாளர் பெயர் சொல்லக் கூடாது. நாட்டைச் சொல்லலாம், சட்டத்தைச் சொல்லலாம், ஆண்டைச் சொல்லலாம். ஆள் பெயர் வாயில் வந்தால் முப்பது விநாடி கழிக்கப்படும். முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் பேச்சே வரவில்லை.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் சொன்ன கதையில் பெயர்கள் உண்டு. விதி எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 522. பாரசீக அரியணையில் இருந்தவன் அரச வம்சத்தவனே அல்ல, ஆள்மாறாட்டக்காரன் என்று சொல்லி ஏழு பிரபுக்கள் சேர்ந்து அவனைக் கொன்றுவிட்டார்கள். இனி எப்படி ஆள்வது என்று கூடிப் பேசியபோது மூன்று பேர் மூன்று கட்சி எடுத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இப்படி ஒரு பேச்சு நடந்ததையே நம்பாத கிரேக்கர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். நடந்தது நடந்ததுதான் என்று அவர் சாதிக்கிறார். வகுப்பறைக்கு அந்த வழக்கு தேவையில்லை.

ஓட்டானஸ் சொன்னது: யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒருவனிடம் எல்லாவற்றையும் கொடுத்தால், எவ்வளவு நல்லவனும் கெட்டுப்போவான். பலர் ஆளட்டும், பதவிகளைக் குலுக்கலில் கொடுப்போம், பதவியில் இருப்பவன் கணக்குக் காட்டட்டும். மெகாபைசஸ் எழுந்தான்: அரசனைப் பற்றி நீ சொன்னது சரி, ஆனால் கூட்டம் அவனைவிட மோசம். கொடுங்கோலனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்றாவது தெரியும், கூட்டத்துக்கு அதுவும் தெரியாது. தேர்ந்த சிலரிடம் கொடுப்போம், அந்தச் சிலரில் நாமும் இருப்போம். (இதைப் படித்ததும் வகுப்பே சிரித்தது.) டேரியஸ் கடைசி: சிறந்த ஒருவன் ஆள்வதை மிஞ்ச எதுவும் இல்லை.

காசு சுண்டியதில் லீ குவான் யூ பையனுக்கு ஓட்டானஸ் விழுந்தது. ஹிட்லர் என்று சொன்ன பெண்ணுக்கு டேரியஸ். அவள் இரண்டு வரி பேசிவிட்டு நின்றாள்.

“சார், ‘சிறந்த ஒருவன்’னுதானே இவன் ஆரம்பிக்கிறான்? அவன் சிறந்தவனா இல்லாட்டி?”

“அதை எதிரணி கேட்கட்டும்மா. நீ உன் பக்கத்தை முடி.”

முடித்தாள். டேரியஸ் பேச்சில் அவள் துருவி எடுத்தது இரண்டு: போர்த் திட்டத்தை ஒருவன் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியும், சபையால் முடியாது, சிலர் ஆண்டால் யார் பெரியவன் என்ற சண்டை கொலையில் முடிந்து, கடைசியில் ஒருவன் ஆட்சிதான் மிஞ்சும். தனக்குப் பிடிக்காத கட்சிக்கு இவ்வளவு வலு இருப்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது முகத்தில் தெரிந்தது. வாசகருக்கு என் பதில் அந்த எரிச்சல்தான். அவள் மனம் மாறவில்லை, மாறவும் வேண்டாம். ஆனால் இனி முடியாட்சியை எதிர்த்து அவள் பேசினால் ஹிட்லர் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த மாட்டாள்.

கதையின் முடிவு இதுதான்: மற்ற நால்வரும் டேரியஸ் பக்கம் சாய்ந்தார்கள். ஆளவும் மாட்டேன், ஆளப்படவும் மாட்டேன் என்று ஓட்டானஸ் விலகிக்கொண்டான். மிச்சம் ஆறு பேர். விடியற்காலையில் குதிரையேறிப் போவது, சூரியன் உதித்ததும் யார் குதிரை முதலில் கனைக்கிறதோ அவன் அரசன். டேரியஸின் குதிரைக்காரன் ஒரு பெண் குதிரையை வைத்துத் தந்திரம் செய்து தன் எஜமானின் குதிரையைக் கனைக்க வைத்துவிட்டான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “குலுக்கல் வேணாம்னுட்டு, ராஜாவையே குலுக்கல்லதான் எடுத்திருக்காங்க. அதுவும் கள்ளக் குலுக்கல்!”

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் வந்தது, வராமல் இருக்குமா. குடவோலை என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நான் தகுதி விதிகளைப் படித்தேன். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்க முடியாது என்றதும் பலத்த கைதட்டல். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. கைதட்டல் மெல்ல மெல்ல நின்றது.

“எங்க தாத்தாவுக்குத் தாத்தா அந்த ஊர்ல இருந்திருந்தா அவர் பேரை ஓலையில எழுதியிருப்பாங்களா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, “பாட்டி பேரு வந்திருக்காது, அது தெரியும்” என்றாள்.

அப்படியானால் இது மக்களாட்சியா, சிறுகுழு ஆட்சியா? குலுக்கல் ஓட்டானஸுடையது, குடத்துக்குள் யார் பெயர் என்பது மெகாபைசஸுடையது. ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தனித்தனிப் பெட்டியாக மனப்பாடம் செய்த சொற்கள் ஒரே குடத்துக்குள் கிடந்தன. மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரம் நாடாளுமன்ற முறையும் அதிபர் முறையும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைக் கொடுத்தேன். நிலைத்தன்மை, பொறுப்பு இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இதுவரை அமையவில்லை. அரசியலமைப்பு வரைவு பொறுப்புக்கே முதலிடம் தருகிறது. நாடாளுமன்றத்தில் கேள்விகளாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தாலும் அன்றாடம் சோதனை நடக்கும் என்பது அவர் வாதம். இதில் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. தினமும் வீட்டுப்பாடம் பார்க்கிற டீச்சரா, வருடக் கடைசிப் பரீட்சையா என்று அவர்களே உவமை பிடித்துவிட்டார்கள்.

வீட்டு வேலையாக இலங்கையைக் கொடுத்தேன். 1978இல் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறை வந்தது. இரண்டு முறைக்கு மேல் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற வரம்பை 2010இல் நீக்கினார்கள். 2015இல் அதைத் திரும்ப வைத்து அதிகாரத்தையும் வெட்டினார்கள். 2020இல் வெட்டியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022இல் மறுபடி கத்திரி. ஏன்? ஆள் பெயர் இல்லாமல் விளக்க வேண்டும்.

திங்கட்கிழமை நம் லீ குவான் யூ பையன்தான் முதலில் எழுந்தான். கையில் இரண்டு பக்கம் குறிப்பு. “சார், பேர் சொல்லாம இதை விளக்கவே முடியாது. நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்துப் பார்த்துத்தான் சட்டத்தை மாத்தியிருக்காங்க.”

முப்பது விநாடியைக் கழித்துக்கொண்டு, பெயர்களைச் சொல்லச் சொன்னேன்.

(தொடரும்)